டான்சில் ஆபரேஷன்: தியேட்டரில் அரை மணி, வீட்டில் இரண்டு வாரம்

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கடலூர், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பிள்ளைகள் கூட்டம் ஏறிவிடும். "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்குறோம்" என்பார்கள் பெற்றோர். அவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். கழுத்தில் கத்தி வைப்பார்களா? தையல் உண்டா? எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாமே ஆபரேஷன் நாளைப் பற்றிய கேள்விகள். அந்த நாளில் எது நடந்தாலும் பார்த்துக்கொள்ள டாக்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், கையில் டிரிப்ஸ் ஊசி தயாராக இருக்கிறது. வலி உச்சத்துக்குப் போவதும், ரத்தம் கசிவதாக இருந்தால் கசிவதும் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான். "பையன் தேறிட்டான்" என்று வீடே மூச்சு விடும் நேரம் பார்த்து அது வரும். ஆகவே ஒரு நாளுக்காக அல்ல, இரண்டு வாரத்துக்காகத் திட்டம் போட வேண்டிய ஆபரேஷன் இது.

எடுக்கத்தான் வேண்டுமா?

வாயைத் திறந்து 'ஆ' சொன்னால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் சதைத் திரட்சிகள்தான் டான்சில். மூக்குக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதே வகைச் சதை இன்னொன்று உண்டு, அது அடினாய்டு. உள்ளே வரும் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுவது இவற்றின் வேலை. சின்ன வயதில் இவை பெரிதாகவே இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எட்டு, பத்து வயதுக்கு மேல் தானாகவே சுருங்கும். டார்ச் அடித்துப் பார்த்து 'பெருசா இருக்கு' என்று சொல்வது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

ஒரு காலத்தில் அதுவே போதுமான காரணமாக இருந்தது. 1930களில் நியூயார்க் பள்ளிகளில் ஆயிரம் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மீதி 389 பேரைப் பள்ளி டாக்டர்கள் பார்த்து, 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். 'வேண்டாம்' என்று அனுப்பப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாவது முறை காட்டினால், மறுபடியும் பாதிக்குப் பாதி! பிள்ளையின் தொண்டையைப் பார்த்துத் தீர்மானித்தது மாதிரியே இல்லை. யாரைக் காட்டினாலும் பாதிப் பேருக்கு எடுக்கலாம் என்ற பழக்கம்தான் தீர்மானித்தது. இந்தக் கதையைப் படித்த பிறகுதான் டான்சில் விஷயத்தில் எண்ணிக்கை எதற்கு என்பது எனக்கு உறைத்தது.

இன்று உலகம் முழுக்க டாக்டர்கள் கையாளும் கணக்கு இது: ஒரே வருஷத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் வருஷத்துக்கு ஐந்து முறை, அல்லது தொடர்ந்து மூன்று வருஷம் வருஷத்துக்கு மூன்று முறை தொண்டை அழற்சி வந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். வெறும் கரகரப்பும் சளியும் கணக்கில் சேராது. தொண்டை வலியோடு 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், டான்சில் மேல் வெள்ளைத் திட்டு, கழுத்தில் நெறிகட்டு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், அல்லது தொண்டைச் சளிப் பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இந்தக் கணக்கு இருப்பதில்லை. "மாசா மாசம் வருது டாக்டர்" என்போம். தினசரி காலண்டரில் குறித்து வைத்துப் பார்த்தால் வருஷத்துக்கு நாலு தடவை என்று வரும். பிள்ளையைக் காட்டப் போகும்போது பழைய சீட்டுகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போவது எந்த ஸ்கேனையும்விட உதவும்.

இன்னொரு பயம் ஏ.எஸ்.ஓ. என்ற ரத்த டெஸ்ட். லேபில் ரிசல்ட் வாங்கியதும் அளவு கூடியிருப்பதைப் பார்த்து, "இதயத்தைத் தாக்கிடும், உடனே எடுத்துடணும்" என்று பதறுகிறவர்கள் உண்டு. அந்த டெஸ்ட் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சமீபத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி உடம்பில் வந்து போயிருக்கிறது. அந்தக் கிருமியால் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடும் என்பது உண்மை. அதைத் தடுக்க முதல் வழி, அந்தக் கிருமியால் வந்த தொண்டை வலிக்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை, காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும் நிறுத்தாமல், முழுக் கணக்கும் கொடுத்து முடிப்பது. ஏற்கெனவே வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, டான்சிலை எடுத்துவிட்டோம் என்று நிறுத்தக் கூடாது.

கிருமித் தொல்லையைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு: மூச்சு. ராத்திரி குறட்டை, வாயைத் திறந்தபடி தூக்கம், நடுவில் சில விநாடி மூச்சே நின்று, பிறகு திடுக்கிட்டு இழுப்பது, வேர்வையில் தலையணை நனைவது, நிறுத்தியிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வருவது. இப்படி இருந்தால் டான்சிலும் அடினாய்டும் வழியை அடைக்கின்றன என்று சந்தேகிக்கலாம். பகலில் இந்தப் பிள்ளைகள் தூங்கி வழிவதைவிடத் துறுதுறுவென்று அடங்காமல் திரிவதுதான் அதிகம். வாத்தியார் 'கவனம் இல்லை' என்று டயரியில் எழுதி அனுப்புவார். 2013ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்த 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏழு மாதம் கழித்துத் தூக்கப் பரிசோதனை செய்ததில், ஆபரேஷன் செய்த பிள்ளைகளில் 79 சதவீதம் பேருக்கு மூச்சு சரியாகியிருந்தது. பொறுத்திருந்து பார்த்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு. கவனச் சோதனை மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை; நடத்தையிலும் அன்றாட வாழ்க்கையிலும் முன்னேற்றம் நன்றாகவே தெரிந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாமலே சரியானதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். லேசான தடை என்றால் சில மாதம் பொறுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், அவர் தட்டிக்கழிக்கிறார் என்று அர்த்தமில்லை.

பெரியவர்களுக்கு? 2023ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அடிக்கடி டான்சில் தொல்லை வரும் 453 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். டான்சிலை எடுத்தவர்களுக்கு அந்த இரண்டு வருஷத்தில் தொண்டை வலித்த நாட்கள் நடுவளவில் 23. எடுக்காமல் மருந்தோடு சமாளித்தவர்களுக்கு 30. பலன் இருக்கிறது, ஆனால் 'எடுத்துட்டா தொண்டைவலியே வராது' என்று நினைக்கிற அளவுக்கு இல்லை. பெரியவர்களிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால், அதுவும் புகையிலை, ஹான்ஸ், பீடி பழக்கம் இருந்தால், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அங்கே எண்ணிக்கையெல்லாம் கிடையாது. சதையை எடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். அதே வேலையைச் செய்யும் சதை தொண்டையிலும் நாக்கின் அடியிலும் இன்னும் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளிடம் ஒரு குறையும் தெரிவதில்லை. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் பிள்ளைகளின் பதிவேடுகளை அலசி 2018ல் வந்த ஆய்வு, ஒன்பது வயதுக்குள் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூச்சுப்பாதை நோய்கள் கூடுதலாக வந்ததாகச் சொன்னது. எடுத்ததால் வந்ததா, முதலிலேயே நோஞ்சானாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் எடுத்தார்களா என்பதை அத்தகைய ஆய்வால் பிரிக்க முடியாது. காரணம் இல்லாமல் எடுக்காதீர்கள் என்பதற்கு அது இன்னொரு சாட்சி, அவ்வளவுதான்.

உள்நாக்கு விழுந்துவிட்டது என்று உச்சிமயிரைப் பிடித்து இழுப்பதும், கரண்டிக் காம்பில் மிளகுத்தூளைத் தொட்டு உள்ளே வைப்பதும் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. உச்சிமயிரால் நஷ்டம் இல்லை. கரண்டி வேண்டாம், புண்ணில் புண் சேரும், பிள்ளை இழுத்து மூச்சு விட்டால் மிளகு நுரையீரலுக்குப் போகும்.

நாள் குறித்த பிறகு

ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம், தேவைப்பட்டால் மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துக்கொண்டு மயக்க டாக்டரிடம் 'ஃபிட்னஸ்' வாங்க வேண்டும். அவரிடம் மறைக்கக் கூடாதவை சில. வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் வந்திருக்கிறதா? பிள்ளைக்கு வீசிங் உண்டா? ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? பால்பல் ஆடுகிறதா? கடைசிக் கேள்வி விளையாட்டாகத் தோன்றும். ஆறு, ஏழு வயதில் ஆடும் பல், வாய்க்குள் குழாய் விடும்போது கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். "லீவு போயிடுமே" என்று மறைத்துக் கூட்டிப்போகாதீர்கள்.

காகிதங்களும் முக்கியம். அரசு ஆஸ்பத்திரி என்றால் ஆதாரும் ரேஷன் அட்டையும் (புதுச்சேரிக்காரர் என்றால் சிவப்போ மஞ்சளோ அந்த அட்டையும்) கையில் இருக்கட்டும். காப்பீட்டில் செய்வதாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். காப்பீட்டுக் கவுண்டரில் முந்தின வாரமே கேட்டுவிடுங்கள்.

வயிற்றைக் காயப் போடுவதில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. சோறு, இட்லி, பிஸ்கட், பால் எதுவானாலும் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் நான்கு மணி நேரம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்பது பொதுவான விதி. உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரமே கடைசி வார்த்தை. "புள்ள பசிக்குதுன்னு அழுவுதேன்னு ரெண்டே ரெண்டு பிஸ்கட்டு குடுத்தேன்" என்று ஒரு ஆயா சொன்ன மாத்திரத்தில் அன்றைய கேஸ் ரத்தாகும். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. டாக்டருக்குக் கோபம் வருவது அதனால்தான்.

தியேட்டரில்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, வாயைத் திறந்தபடி நிறுத்த ஒரு இரும்புச் சட்டம் மாட்டுவார்கள். வெளியே எந்த வெட்டும் இல்லை, எல்லாம் வாய்க்குள்தான். டான்சிலை அதன் உறையோடு சுவரிலிருந்து பிரித்தெடுத்து, ரத்தம் வரும் இடங்களைக் கட்டியோ சூடு வைத்தோ நிறுத்துவார்கள். அந்த இடத்தைத் தைத்து மூடுவதில்லை. திறந்த புண்ணாகவே ஆறும். மொத்தம் அரை மணி, முக்கால் மணி. அடினாய்டும் சேர்ந்தால் கொஞ்சம் கூட.

'கோப்ளேஷன்' (மின்அலையால் குறைந்த சூட்டில் சதையைக் கரைத்தெடுக்கும் முறை), 'லேசர்' என்று போர்டு பார்த்து, மெஷின் வைத்து எடுத்தால் வலியே இருக்காது என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2003, 2004ல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் சுமார் 34 ஆயிரம் பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், சூடு வைத்து எடுக்கும் முறைகளிலும் கோப்ளேஷனிலும் பின்னாளில் வரும் ரத்தக் கசிவு, சாதாரணக் கருவியால் பிரித்தெடுக்கும் பழைய முறையைவிட அதிகமாக இருந்தது. எந்த முறை என்பதைவிட, அந்த டாக்டருக்குக் கைவந்த முறை எது என்று கேட்பதே என் பார்வையில் சரி.

கண் விழித்ததும் பிள்ளை அலறும், குழறும், உங்களையே அடிக்கும். மயக்கம் தெளியும்போது அப்படித்தான். விழுங்கிய ரத்தம் ஒரு முறை கருஞ்சிவப்பாக, காப்பித்தூள் கலந்த மாதிரி வாந்தியில் வரலாம். அது பழைய ரத்தம். பளிச்சென்ற சிவப்பில் வந்தால், அல்லது தூக்கத்தில் தொண்டை திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டே இருந்தால், நர்ஸை எழுப்புங்கள். அவர் கோபித்தாலும் பரவாயில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும், தூக்கத்தில் மூச்சுத் தடை கடுமையாக இருந்தவர்களையும் ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் மயக்க மருந்தும் ஊசியும் கொஞ்சம் காப்பாற்றும். இரண்டாம் நாள் பிள்ளை இட்லி கேட்கும், "பரவாயில்லையே" என்பீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வலி ஏறும். பலருக்கு ஏழாம் நாள் வரை போகும். சொந்தக்காரர்கள் போன் போட்டு "இன்னுமா வலிக்குது? ஏதோ தப்பா பண்ணிட்டாங்க போல" என்பார்கள். தப்பு ஒன்றும் இல்லை; டான்சில் புண் அப்படித்தான். காது குடையும், காதில் சீழ் இல்லை, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போகிறது, அதனால் தொண்டை வலி காதில் தெரிகிறது. காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

செல்போன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தால் திடுக்கிடுவீர்கள். டான்சில் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். பள்ளம் முழுக்க வெள்ளையும் இளமஞ்சளுமாகத் தடித்த படலம், ஓரத்தில் சிவப்பு. நடுவில் உள்நாக்கு வீங்கி நீளமாகத் தொங்கும். வாயிலிருந்து ஒரு வீச்சம் வரும். பார்க்கிற யாரும் 'சீழ் வெச்சிருச்சு' என்றுதான் சொல்வார்கள். அது சீழ் அல்ல. முட்டியில் அடிபட்டால் கட்டும் பொருக்குதான், வாயின் ஈரத்தில் ஊறி வெள்ளையாகத் தெரிகிறது. விரலையோ பஞ்சையோ விட்டுச் சுரண்டாதீர்கள். சீழ் என்று நினைத்து மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். முதல் ஓரிரு நாள் 101 டிகிரிக்குள் காய்ச்சல் இருக்கலாம். அதற்கு மேல் ஏறினால், அல்லது இறங்காமல் நின்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

வலி மருந்தில் நம்மவர்கள் செய்யும் சிக்கனம்தான் பிள்ளையைப் படுத்துகிறது. "அழுதா குடுக்கலாம்" என்று காத்திருந்தால், அழும்போது விழுங்கவே முடியாது; மருந்தும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. முதல் வாரம் முழுக்க நேரம் பார்த்துக் கொடுங்கள், ராத்திரி எழுப்பியும்கூட. பாராசிட்டமால் கணக்கு, ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 300 மில்லிகிராம் என்பது பன்னிரண்டரை மில்லி, இரண்டாவதில் ஆறு மில்லி. "ஒரு மூடி குடுங்க" என்று பக்கத்து வீட்டார் சொல்வதை நம்பாமல், லேபிளைக் காட்டி எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஐபுபுரோஃபெனும் எழுதித் தருவார்கள். சில டாக்டர்கள் ரத்தக் கசிவுக்குப் பயந்து எழுதுவதில்லை. எழுதியிருந்தால் கொடுங்கள், எழுதாவிட்டால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

ஆஸ்பிரின் கூடவே கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் இருமல் சிரப்பையும் தொடாதீர்கள். அதில் கோடீன் இருக்கலாம். சிலருடைய உடம்பு கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சு மந்தமாகும். டான்சில் எடுத்த பிள்ளைகள் சிலர் அதனால் இறந்ததை அடுத்து 2013ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது.

சாப்பாட்டைவிடத் தண்ணீர் முக்கியம். மே மாத அக்னியில், வேர்வை கொட்டும் நம் கடற்கரை ஊர்களில், பிள்ளை ஒரு நாள் சரியாகக் குடிக்காவிட்டாலே உடம்பு வற்றிவிடும். தொண்டை காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் குடிக்காது; இந்தச் சுழலில் மாட்டிய பிள்ளைகள்தான் டிரிப்ஸ் ஏற்ற மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அரை டம்ளர் இளநீர், கால் டம்ளர் மோர் என்று சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, உதடு வெடிக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

ஐஸ்கிரீம் விஷயத்தில் எல்லா வார்டிலும் இதே பேச்சு நடக்கும்.

"நெசமாவே ஐஸ்கிரீம் குடுக்கலாமா சிஸ்டர்? சளி புடிச்சுக்காது?"

"ஒண்ணும் ஆவாது ஆயா, குடுங்க. சில்லுனு இருந்தா வலி கொறையும்."

"ஐஸ் தின்னுதான் டான்சிலே வந்துச்சுன்னு சொன்னாங்களே…"

சிஸ்டர் சொல்வதுதான் சரி. டான்சில் அழற்சி கிருமியால் வருவது, ஐஸால் அல்ல. ஆனால் ஐஸ்கிரீம்தான் மருந்து என்றும் இல்லை. பால் பொருள் சிலருக்குத் தொண்டையில் பிசுபிசுக்கும். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். குழைந்த தயிர்சாதம், ஆறின கஞ்சி, இட்லியைப் பாலில் ஊறவைத்தது, மசித்த வாழைப்பழம், சேமியா பாயசம் எல்லாம் இறங்கும். புளி, காரம், சூடு மூன்றும் எரிக்கும். ரசம்சாதம் 'தொண்டைக்கு இதம்' என்பது சளிக்குச் சரி, இந்தப் புண்ணுக்குச் சரியல்ல. முறுக்கு, சிப்ஸ், வறுத்த முந்திரி, புதுச்சேரி பேக்கரியின் மொறுமொறு ரொட்டி எல்லாம் புண்ணைக் கீறும். நேரம் பார்த்தா பண்ருட்டிப் பலா இறங்கியிருக்கும். சுளை நாரோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு வாரம் போகட்டும். மீன்குழம்பு வேண்டவே வேண்டாம். காரம் ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். அதற்காகத் தண்ணி ஆகாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள். மெல்லுவதும் விழுங்குவதும் தொண்டைத் தசையை அசைத்து விறைப்பைக் குறைக்கும். மருந்து கொடுத்து அரை மணி கழித்துச் சாப்பிட வையுங்கள்.

ரத்தம் வந்தால்

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அந்தப் பொருக்கு உதிரும். உதிரும்போது கீழே இருக்கும் ரத்தநாளம் திறந்துகொண்டால் கசியும். மேலே சொன்ன 34 ஆயிரம் பேர் கணக்கெடுப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ரத்தம் வந்தது. அதை நிறுத்த மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அந்த ஒருவர் நடுராத்திரி இரண்டு மணிக்கு எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

புதுச்சேரி கோரிமேட்டிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ குடியிருப்பவருக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். திட்டக்குடியிலிருந்து கடலூருக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல்; அவருக்குக் கடலூரைவிடப் பெரம்பலூர்தான் பக்கம். ஆகவே டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது இது: ராத்திரியிலும் மயக்க டாக்டர், தொண்டை டாக்டர் இரண்டு பேரும் கிடைக்கும் ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது? தூரத்து ஊர்க்காரர்கள், டவுனில் சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் பத்து நாள் அங்கேயே தங்கிவிடுவது புத்திசாலித்தனம். டிஸ்சார்ஜ் சீட்டு போனில் போட்டோவாக இருக்கட்டும். "பத்து நாள்ல ஊர்த் திருவிழா, போய்ட்டு வந்துடலாம்" என்பதும், ஆறாம் நாள் "நல்லாத்தானே இருக்கான்" என்று சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போய் ஓடவிடுவதும் இரண்டு வாரம் கழித்து.

எச்சிலில் ஒரு நூலிழை சிவப்பு தெரிந்தால் ஜில்லென்ற தண்ணீரால் மெதுவாக வாய் கொப்பளிக்க வைத்து, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அதற்கு மேல் வந்தால், கட்டியாக விழுந்தால், பிள்ளையை உட்காரவைத்து முன்னால் குனியவிட்டு, ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லி, 108ஐக் கூப்பிடுங்கள். மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம், அதனால் சாப்பிட எதுவும் தராதீர்கள். வழியிலேயே நின்றுவிட்டாலும் பாதியில் திரும்பாதீர்கள். சின்னதாக வந்து நிற்கும் கசிவு சில சமயம் பெரியதற்கு முன்னோட்டம். ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்புவார்கள்.

பெரியவர்களுக்கு வலி பிள்ளைகளைவிடக் கடுமையாகவே இருக்கும், பத்து நாளைத் தாண்டியும் போகும். ஆபீஸில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள்; இரண்டு வாரம் சொல்லுங்கள். அதுவரை சிகரெட்டும் சரக்கும் கூடாது. சரக்கு மலிவாகக் கிடைக்கும் பாண்டியில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குரல் சில வாரம் மூக்கால் பேசுவது போல, அல்லது கொஞ்சம் மெலிந்து இருக்கும். நாக்கு நுனி மரத்திருக்கலாம், ருசி மாறியிருக்கலாம். இரும்புச் சட்டம் நாக்கை அழுத்தியதால் வருவது. பெரும்பாலும் தானாகப் போய்விடும். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வருவது சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மட்டும் காட்ட வேண்டும். பத்து முதல் பதினாலு நாளில் வெள்ளைப் படலம் முழுக்க உதிர்ந்து இளஞ்சிவப்புத் தோல் தெரியும். அப்புறம் ஸ்கூல், சைக்கிள், கிரிக்கெட் எல்லாம். ரிவியூ தேதியைப் 'பிள்ளை நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுத் தடைக்காக எடுத்த பிள்ளை என்றால், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி அது தூங்குவதை முழித்திருந்து பாருங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள். குண்டான பிள்ளைகளுக்குக் குறட்டை மிச்சமிருப்பது அதிகம். அந்த வீடியோவைக் காட்டினால் தூக்கப் பரிசோதனை தேவையா என்று டாக்டர் சொல்லிவிடுவார்.